நிலா வானத்தில் இல்லை: ஜப்பானியக் கவிதைப் படங்களைப் பார்க்க ஒரு தொடக்க வழிகாட்டி

ஜப்பானிய மரக்கட்டை அச்சு என்றதும் நம்மில் பலருக்கு ஹொகுசாய் வரைந்த அந்தப் பேரலைதான் நினைவுக்கு வரும். அந்த அலை வந்து சில ஆண்டுகளில், 1835 வாக்கில், அதே ஹொகுசாய் தம் 75ஆவது வயதில் வேறொரு வேலையில் இறங்கினார். ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்துவந்த நூறு பழம்பாடல்களுக்கு, பாட்டுக்கு ஒன்றாக, நூறு படங்கள் போடுவது. அலையை ரசிக்க எந்த முன்னறிவும் வேண்டாம். இந்தப் படங்கள் அப்படியல்ல. முதல்முறை பார்ப்பவருக்கு ஏதோ வயல், ஏதோ ஆறு, வேலை செய்யும் ஆட்கள், மூலையில் கொஞ்சம் கிறுக்கல் எழுத்து, அவ்வளவுதான் தெரியும். ‘சரி, அழகாக இருக்கிறது’ என்று நகர்ந்துவிடுவோம்.

நகராமல் நின்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருப்பதே இங்கே பெரிய துணை என்பதுதான் என் அனுபவம். அது எப்படி என்று கீழே சொல்கிறேன். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். இந்த வரிசையில் 7ஆம் பாடலுக்கான படம் அது. பாடியவர் அபே நோ நகாமாரோ.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

பாடல்களின் தொகுப்புக்கு ஹ்யாகுனின் இஷ்ஷு என்று பெயர். ‘நூறு பேர், ஆளுக்கொரு பாட்டு’ என்று பொருள். ஃபுஜிவாரா நோ தெய்க்கா என்ற கவிஞர் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைத் தொகுத்தார். 7ஆம் நூற்றாண்டுப் பேரரசர் தென்ஜியில் தொடங்கி, தெய்க்காவின் காலம் வரை வருகிறது. பிற்காலத்தில் இதுவே ஒரு சீட்டு விளையாட்டாகிப் புத்தாண்டு நாட்களில் வீடுகளில் ஆடப்பட்டது. ஒருவர் பாட்டை வாசிப்பார். கடைசி இரண்டு அடிகள் மட்டும் எழுதிய சீட்டுகள் பாயில் பரப்பியிருக்கும். எது என்று முதலில் கண்டுகொண்டு எடுப்பவருக்குச் சீட்டு. இன்றும் ஆடுகிறார்கள். அதனால் ஹொகுசாய் காலத்து வாசகருக்கு முதல் இரண்டு சொற்களைக் கேட்டாலே முழுப் பாட்டும் ஓடி வந்துவிடும். படம் வரைபவருக்கு அது பெரிய சுதந்திரம். பாட்டில் உள்ளதை அப்படியே வரைந்து காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹொகுசாய் தம் வரிசைக்கு வைத்த பெயர் ஹ்யாகுனின் இஷ்ஷு உபா கா எதோகி. உபா என்றால் செவிலி, பாலூட்டி வளர்த்தவள். எதோகி என்றால் படம் காட்டி விளக்குதல். ஆக, ‘செவிலி படம் காட்டிச் சொன்ன நூறு பாடல்கள்’. அரசவைப் பெருமக்களின் கவிதையைப் படிப்பறிவு குறைந்த ஒரு செவிலி, தான் வளர்க்கும் பிள்ளைக்குத் தனக்குத் தெரிந்த வாழ்க்கையை வைத்துச் சொல்கிறாள் என்பது கற்பனை. அவள் சொல்வதில் கவிதை கொஞ்சம் இடம் மாறும். அரண்மனை இருந்த இடத்தில் வயல் வரும். இந்தச் செவிலியை மறக்காமல் மனத்தில் வைத்திருங்கள்.

முதல் படி: பெரிய படமாகத் தேடிப் பிடியுங்கள்

கைப்பேசியில் கட்டைவிரல் அளவு படத்தைப் பார்த்துப் பயனில்லை. அசல் தாள் ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். கணினித் திரையில் அந்த அளவுக்காவது பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஆகியவற்றின் தளங்களிலும் ஜப்பானிய அச்சுகள் ஏராளம். உகியோ-எ டாட் ஆர்க் என்ற தளம் பல அருங்காட்சியகங்களின் தொகுப்புகளை ஒரே இடத்தில் தேடித் தருகிறது. கையில் இருக்கும் ஒரு படத்தை அங்கே ஏற்றினால், அதே படத்தின் மற்றப் பிரதிகளைக் கண்டுபிடித்துக் காட்டும். இந்த வசதி பின்னால் நமக்கு மிகவும் தேவைப்படும். தேடும்போது ஓவியர் பெயரையும் கவிஞர் பெயரையும் ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தட்டினால் போதும்.

இரண்டாம் படி: பாட்டைப் படிக்காதீர்கள்

படத்துக்குக் கீழே அருங்காட்சியகம் எழுதியிருக்கும் விளக்கத்தைத் திரையிலிருந்து மறைத்துவிடுங்கள். பத்து நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். ஒரு தாளில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுங்கள். அழகான வாக்கியம் வேண்டாம், பட்டியல் போதும். யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பருவம்.

நகாமாரோ படத்தில் என் பட்டியல் இப்படி இருந்தது: கடலை நோக்கிய ஒரு மேடு. அதன் மேல் நிற்கும் ஒருவர். அருகில் பணிந்து குனிந்திருக்கும் ஆட்கள், சீன உடை. கீழே விரிந்த நீர். நீரில் வட்டமாக நிலாவின் நிழல்.

கடைசி வரியை எழுதியபோது அதில் விசேஷம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பாட்டைப் படித்த பிறகுதான் அதன் மதிப்புத் தெரிந்தது. முதலில் பட்டியல் எழுதச் சொல்வது இதற்காகத்தான். பாட்டை முதலில் படித்துவிட்டால், பாட்டில் இருப்பதை மட்டுமே கண் படத்தில் தேடும். இல்லாததும் மாறியிருப்பதும் தெரியாமலே போய்விடும்.

மூன்றாம் படி: எழுத்துகளின் இடங்களை அடையாளம் காணுங்கள்

வாசிக்க வேண்டாம், எது என்ன என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

இந்த வரிசைப் படங்களில் இரண்டு கட்டங்கள் இருக்கும். நீளமான ஒன்றில் வரிசையின் பெயர். சதுரமான மற்றதில் கவிஞர் பெயரும் பாட்டும். பாட்டு, தூரிகையால் ஓட்டமாக எழுதிய பழைய எழுத்தில் இருக்கும். இன்றைய ஜப்பானியரில் பெரும்பாலோருக்கே அதை வாசிக்க வராது. எனவே வாசிக்க முடியவில்லையே என்று மனம் தளர வேண்டாம். ஆர்வம் இருந்தால் மிவோ என்ற இலவசச் செயலி ஒன்று ஜப்பானில் 2021இல் வெளிவந்திருக்கிறது. பழைய எழுத்தைப் படம் பிடித்தால் இன்றைய எழுத்தில் மாற்றித் தரும். தவறும் செய்யும், ஆனால் தொடக்கத்துக்கு நல்ல துணை.

ஓவியரின் கையெழுத்து தனியே இருக்கும். இந்த வரிசையில் அவர் ‘ஸென் ஹொகுசாய் மஞ்ஜி’ என்று ஒப்பமிடுகிறார். ‘முன்பு ஹொகுசாய், இப்போது மஞ்ஜி’ என்று அர்த்தம். மஞ்ஜி என்பது பௌத்தக் கோயில்களில் காணும் ஸ்வஸ்திகக் குறி. கையெழுத்தின் முடிவில் அந்தக் குறியைத் தேடுங்கள். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவரும் ஹொகுசாயின் முதுமைக்காலக் கையொப்பத்தை இதை வைத்தே கண்டுகொள்ளலாம்.

அருகில் சின்ன முத்திரைகளும் இருக்கும். வட்டமானது கிவாமே, ‘பார்வையிடப்பட்டது’ என்ற தணிக்கை முத்திரை. 1790 தொடங்கி 1842 வரை இது வழக்கில் இருந்தது. எனவே ஓர் அச்சில் இதைக் கண்டால் அதன் காலத்தை ஓரளவு குறித்துவிடலாம். இன்னொன்று பதிப்பாளர் குறி. இந்த வரிசையை நிஷிமுராயா யோஹாச்சி தொடங்கினார். பேரலை இடம்பெற்ற ஃபூஜி மலை வரிசையை வெளியிட்டவரும் அவரே. சில தாள்களுக்குப் பிறகு இசேயா சன்ஜிரோ என்பவர் கைக்கு வேலை மாறியது.

ஏன் மாறியது என்பதற்குக் காலத்தைப் பார்க்க வேண்டும். 1833 முதல் 1837 வரை ஜப்பானில் கொடும் பஞ்சம். படம் வாங்க யாரிடம் காசு இருக்கும்? நூறு படங்களில் 27 மட்டுமே வண்ணத்தில் வெளிவந்தன. ஆனால் ஹொகுசாய் நிறுத்தவில்லை. அச்சேறாத பாடல்களுக்கும் வரைந்துகொண்டே இருந்தார். அந்தக் கோட்டோவியங்களில் பல இன்றும் இருக்கின்றன. வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் மட்டும் நாற்பதுக்கு மேல். அவை பிழைத்திருப்பதே அவை அச்சாகவில்லை என்பதற்குச் சாட்சி. ஏனென்றால் அச்சுக்குப் போகும் ஓவியம் மரப்பலகையில் குப்புற ஒட்டப்பட்டு, செதுக்கும்போதே பலகையோடு சேர்ந்து அழிந்துவிடும். வெளிவந்த 27 படங்களுக்கும் ஹொகுசாயின் கைபட்ட மூலத்தாள் மிஞ்சாமல் போனது இப்படித்தான். வெளிவராதவற்றுக்கு அந்தத் தாள் மட்டும்தான் மிஞ்சியது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

நான்காம் படி: பாட்டை அடியடியாகத் தமிழில் வையுங்கள்

இந்தப் படிக்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

பாட்டின் வடிவம் வாகா. ஐந்து அடிகள்: 5, 7, 5, 7, 7. மொத்தம் 31. எண்ணுவது எழுத்தையா அசையையா என்று புதியவர்கள் குழம்புவார்கள். மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, நம் இலக்கணத்தில் உள்ளதுபோலவே. ஒரு வேறுபாடு: சொல்லின் கடைசியில் வரும் ‘ன்’ ஒலிக்கு நாம் அரை மாத்திரை கொடுப்போம், அவர்கள் ஒன்று கொடுப்பார்கள்.

நகாமாரோவின் பாட்டு இது:

அமா நோ ஹரா
ஃபுரிசகே மிரெபா
கசுகா நாரு
மிகாசா நோ யமா நி
இதெஷி த்சுகி கமோ

விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ‘அ-ம-நோ-ஹ-ர’ ஐந்து. ‘ஃபு-ரி-ச-கே-மி-ரெ-ப’ ஏழு. ‘த்சு’ என்பது ஒரே மாத்திரை. 31 சரியாக வரும். நமக்கு நெடில்போல எழுதத் தோன்றும் ‘நோ’, ‘கே’, ‘மா’, ‘நா’ எல்லாம் அங்கே குறில்தான். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி ஒவ்வோர் அடிக்கும் நேராகத் தமிழ்:

வான்வெளியை
நிமிர்ந்து தொலைநோக்கினால்
கசுகாவில் உள்ள
மிகாசா மலைமேல்
எழுந்த நிலா அல்லவோ

ஓர் அடியைக்கூட இடம் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் இது முடியாது. நிலாவை முன்னால் கொண்டுவந்து, மலையை நடுவில் வைத்து, வினையைப் பிரித்துப் போட வேண்டியிருக்கும். ஜப்பானிய வாக்கியம் தமிழ் வாக்கியத்தைப் போலவே நடக்கிறது. ‘இதெஷி த்சுகி’ என்பது அப்படியே ‘எழுந்த நிலா’, பெயரெச்சமும் பெயரும். இடத்தைக் காட்டும் ‘நி’ மலைக்குப் பின்னால்தான் வருகிறது, ‘மலைமேல்’ என்று நாம் சொல்வதுபோல. கடைசியில் நிற்கும் ‘கமோ’ நம் ‘ஓ’காரம் செய்கிற வேலையைச் செய்கிறது, கேள்வியும் வியப்பும் சேர்ந்து. அதனால் பாட்டு எந்த வரிசையில் எதைத் திறந்து காட்டுகிறதோ, அதே வரிசையில் தமிழ் வாசகரால் அனுபவிக்க முடியும். முதலில் வெட்டவெளி. அப்புறம் ஒரு பார்வை. அப்புறம் திடீரென்று ஊர்ப்பெயர். அந்த ஊரின் மலை. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நிலா. அடுத்த முறை ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு ‘இதில் என்ன இருக்கிறது’ என்று தோன்றினால், மூலச் சொற்களின் பொருளைத் தேடி இப்படி அடுக்கிப் பாருங்கள்.

இங்கே கவிஞரின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நகாமாரோ இருபது வயது நிரம்பாத இளைஞராக, 717இல், தூதுக்குழுவோடு தாங் பேரரசின் சீனத்துக்குப் படிக்கப் போனார். புறப்படும் முன் தூதர்கள் வழிபட்டது நாரா நகரின் கசுகாவில், மிகாசா மலை அடிவாரத்தில். சீனத்தில் அரசுப் பதவியில் உயர்ந்தார். லி பாய், வாங் வெய் போன்ற பெருங்கவிஞர்களின் நட்பும் கிடைத்தது. 36 ஆண்டுகள் கழித்து, 753இல், ஊர் திரும்பக் கப்பலேறினார். புயல் கப்பலை இன்றைய வியட்நாம் பக்கம் அடித்துச் சென்றது. அவர் இறந்துவிட்டதாக நினைத்து லி பாய் இரங்கற்பா எழுதினார். உண்மையில் நகாமாரோ உயிர் பிழைத்துச் சீனத் தலைநகருக்குத் திரும்பி, 770இல் அங்கேயே இறந்தார். கசுகாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. கப்பலேறும் முன் கடற்கரையில் நடந்த பிரிவு விருந்தில், நிலா எழுவதைப் பார்த்துப் பாடிய பாட்டு இது என்று 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கொகின்ஷு என்ற பாடல் தொகுப்பின் குறிப்பு சொல்கிறது.

இப்போது ‘கசுகாவில் உள்ள’ என்ற அடியை மறுபடி சொல்லிப் பாருங்கள்.

சிலேடை, அடைமொழி: தேடவேண்டிய இரண்டு

எல்லாப் பாட்டும் நகாமாரோ பாட்டுப்போல நேராக இருக்காது. பல பாடல்கள் ஒரு சொல்லில் இரண்டு பொருள் வைத்து எழுதியவை. 9ஆம் பாட்டு, பேரழகி என்று பெயர்பெற்ற ஓனோ நோ கொமாச்சியுடையது, இதற்குச் சிகரம். ‘ஃபுரு’ என்றால் மழை பொழிவதும் ஆகும், காலம் கடந்து முதிர்வதும் ஆகும். ‘நகமே’ என்றால் ஓயாத நீள்மழை, நினைவில் ஆழ்ந்து வெறித்துப் பார்ப்பதும்கூட. ஆக, ‘நீள்மழையில் பூவின் நிறம் மங்கிப்போயிற்று’ என்பதும், ‘வீணே வெறித்துப் பார்த்திருந்த வேளையில் நான் முதிர்ந்துபோனேன்’ என்பதும் ஒரே சொற்களில் ஓடுகின்றன. சிலேடை என்றாலே நமக்குக் காளமேகப் புலவரின் விளையாட்டு நினைவுக்கு வரும். இங்கே அதே கருவி துயரத்துக்குப் பயன்படுகிறது. படத்தில் ஓவியர் இரண்டு பொருளில் எதைப் பிடித்துக்கொண்டார் என்று பாருங்கள். பூவையா, மூதாட்டியையா, இரண்டையுமா?

அடைமொழிக்கு 3ஆம் பாட்டு, ஹிதோமாரோவுடையது. தமிழில் அடியடியாக: ‘... / மலைப்பறவை வாலின் / தொங்கும் அந்த வாலைப்போல / நீண்ட நெடிய இரவைத் / தனியாகவோ நான் உறங்குவது’. முதல் அடி ‘அஷிபிகி நோ’ மலைக்கு என்றே வழிவழியாக வரும் அடைமொழி. அதைத் தோண்டிப் பொருள் தேட வேண்டாம், ஓசையைக் கேட்டால் போதும். மலைப்பறவை என்றது செம்பு நிற நெடுவால் கோழி ஒன்றை. அதன் ஆணும் பெண்ணும் இரவில் பிரிந்து உறங்கும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. பாட்டின் முதல் மூன்றடியும் வெறும் வால்தான். வால் நீள நீள இரவும் நீள்கிறது.

ஹொகுசாய் படத்தில் அந்தப் பறவை இல்லை. மீனவர்கள் வலையைப் பிடித்து இழுக்கிறார்கள். தீ மூட்டிய இடத்திலிருந்து புகை வளைந்து வளைந்து நீளமாக மேலேறுகிறது. குடிலில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வால் எங்கே? புகையைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பட்டியலையும் பாட்டையும் அருகருகே வையுங்கள்

முதலில் எழுதிய பட்டியலை இப்போது எடுங்கள். பாட்டில் இருந்து படத்தில் இல்லாதது எது, படத்தில் இருந்து பாட்டில் இல்லாதது எது என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை கவிதைப் படத்தின் உயிர் இந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. பாட்டோடு முழுக்க ஒத்துப்போகும் படம் அலங்காரம் மட்டுமே.

நகாமாரோ பாட்டு ‘வான்வெளியை நிமிர்ந்து நோக்கினால்’ என்று தொடங்குகிறது. படத்தில் நிலா இருப்பதோ நீரில். பாட்டு மேலே பார்க்கச் சொல்கிறது, படம் கீழே காட்டுகிறது.

இதற்கு என்ன பொருள்? என் வாசிப்பைச் சொல்கிறேன், நீங்கள் வேறு மாதிரியும் வாசிக்கலாம். வானத்து நிலா அங்கும் இங்கும் ஒன்றே. கசுகாவிலிருந்து பார்த்தாலும் அதே நிலா. அந்த எண்ணமே பாட்டின் ஆறுதல். நீரில் தெரியும் நிலாவை எட்டிப் பிடிக்க முடியாது. கை பட்டால் கலையும். அவருக்கும் ஊருக்கும் இடையே கிடப்பதும் அந்த நீர்தான், பிறகு அவர் கப்பலைத் திசைமாற்றப் போவதும் அதுதான். ஹொகுசாய் ஆறுதலை விட்டுவிட்டுத் தூரத்தை வரைந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. கி நோ த்சுராயுகி 10ஆம் நூற்றாண்டில் எழுதிய தோசா நிக்கி என்ற பயணக் குறிப்பில் இதே பாட்டு வருகிறது. அங்கே நிலா கடலிலிருந்து எழுகிறது. அதற்கு ஏற்ப முதல் அடியும் மாறியிருக்கிறது: ‘வான்வெளி’ இருந்த இடத்தில் ‘நீலக் கடல்வெளி’. இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடியும் சேர்ந்தே கேட்கும்.

அப்புறம் சுற்றியுள்ள ஆட்கள். பாட்டில் ஒருவரும் இல்லை. படத்தில் அவரைச் சூழ்ந்து பணிந்து நிற்கிறார்கள். பெரிய பதவி, மரியாதை, எல்லாம் கிடைத்தவர் என்பதைச் செவிலி நமக்கு நினைவூட்டுகிறாள். அத்தனை பேர் நடுவிலும் அவர் கண் நீரில் இருக்கிறது.

ஆறாம் படி: தாளைப் பாருங்கள்

இதுவரை படத்தைக் கதையாகப் பார்த்தோம். இது கைவேலையும்கூட. ஓவியர் வரைவார், செதுக்குபவர் மலைச்செர்ரி மரப்பலகையில் வெட்டுவார், அச்சிடுபவர் நிறம் ஏற்றுவார், பதிப்பாளர் பணம் போட்டு எல்லோரையும் இணைப்பார். நிறத்துக்கு நிறம் தனிப் பலகை. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ, ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் கெந்தோ என்ற வெட்டுக்குறி இருக்கும். தாளின் மூலையையும் ஓரத்தையும் அதில் பொருத்தி வைப்பார்கள். மல்பெரி இனத்துச் செடியின் நாரில் செய்த தாள். மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் பின்புறத்தைத் தேய்த்தால் நிறம் நாருக்குள் இறங்கிவிடும். பல வண்ணத்தில் இப்படி அச்சிடும் முறை 1765 வாக்கில் ஹருனோபு என்ற ஓவியரின் காலத்தில் நிலைபெற்றது.

வானத்திலோ நீரிலோ நிறம் அடர்த்தியிலிருந்து மெல்ல மெல்லக் கரைந்து வெளுக்கும் இடத்தைத் தேடுங்கள். அதற்குப் பெயர் பொகாஷி. பலகையில் வெட்டி வருவதல்ல அது. அச்சிடுபவர் ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் ஈரத்தையும் சாயத்தையும் பலகையில் கையால் பரப்பிக் கொண்டுவருவது. எனவே இரண்டு பிரதிகள் ஒன்றுபோல இருக்காது. முன்பு சொன்ன தளத்தில் ஒரே படத்தின் நான்கைந்து பிரதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் அந்தி தெரியும், இன்னொன்றில் நடுப்பகல்போல இருக்கும். படத்தின் வேளை என்ன என்று முடிவுகட்டும் முன் இதைச் செய்வது நல்லது. நான் ஒரே பிரதியைப் பார்த்துவிட்டு ‘இது விடியற்காலை’ என்று நண்பருக்கு நீளமாக எழுதி அனுப்பி, பிறகு வேறு பிரதியைப் பார்த்துத் திருத்தி எழுதியிருக்கிறேன்.

ஆழ்ந்த நீலம் கண்டால், அது 1830 வாக்கில் ஜப்பானிய அச்சுகளில் பரவலான பிரஷ்யன் நீலமாக இருக்கலாம். அது வெளிச்சத்தை ஓரளவு தாங்கும். அதற்கு முந்தைய படங்களில் பூவிலிருந்து எடுத்த மென்னீலம் பெரும்பாலும் வெளிறிச் சாம்பலாகிவிட்டிருக்கும். குசும்பாப்பூச் சிவப்பும் அப்படியே. பழைய படத்தில் வெளிறிய வானம் கண்டால் ஓவியர் அப்படித்தான் வரைந்தார் என்று நினைத்துவிடாதீர்கள்.

வாங்குவதாக இருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. புள்ளி இல்லை என்பதால் மட்டும் 19ஆம் நூற்றாண்டு அசல் என்றும் ஆகாது. பழைய படத்தைப் பார்த்துப் புதிதாகப் பலகை செதுக்கி, கையால் அச்சிடும் மறுபதிப்புகள் உண்டு. தோக்கியோவின் அடாச்சி நிறுவனம் இன்றும் செய்கிறது. அவை நேர்மையான, அழகான பொருள்கள். வீட்டில் மாட்ட ஒன்று வேண்டும் என்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். மறுபதிப்பை அசல் என்று விற்பவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். தாளின் பின்புறத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சாயம் ஊடுருவியிருப்பதும் தேய்ப்பான் தடமும் பின்புறத்தில்தான் தெரியும்.

வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களை 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில், அதுவும் சில மாதங்களுக்கு மட்டுமே காட்டுகின்றன. ஒட்டும் டேப் கூடவே கூடாது. எனக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த கடையில் பின்னால் டேப் ஒட்டிவிட்டார்கள். மூன்றாம் வருடம் பழுப்புக் கறை முன்பக்கம் வந்துவிட்டது. அமிலமில்லாத அட்டை, தாளும் கண்ணாடியும் தொட்டுக்கொள்ளாத இடைவெளி, இந்த இரண்டையும் சட்டம் போடுபவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து எங்கே போவது

ஒரே பாட்டுக்கு வேறு படங்களைத் தேடுங்கள். ஹொகுசாயே நகாமாரோவை இன்னொரு முறை வரைந்திருக்கிறார். சீன, ஜப்பானியக் கவிதைகளுக்கென்று 1830களின் முற்பகுதியில் செய்த, நீண்டு உயர்ந்த பத்துத் தாள்கள் கொண்ட வரிசையில் ஒன்று அது. அங்கே நகாமாரோ மாடத்தில் இருந்தபடி நிலவைப் பார்க்கிறார். செவிலியின் கதையில் திறந்த மேட்டில் நிற்பவர், இங்கே கட்டடத்துக்குள், உபசரிப்புக்குள் இருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்து அதே பட்டியலைப் போடுங்கள்.

1840களில் குனியோஷி, ஹிரோஷிகே, குனிசதா என்ற ஓவியர்கள் மூவரும் சேர்ந்து இதே நூறு பாடல்களுக்கு நூறு தாள்கள் போட்டார்கள். அவர்கள் ஒவ்வொரு பாட்டையும் நாடக மேடைக் கதையோ பழங்கதையோ ஒன்றோடு இணைத்தார்கள். 1842இல் நடிகர் படங்களை அரசு தடை செய்திருந்தது. பழங்கவிதை என்ற போர்வையில் மேடைக் காட்சிகளை வாசகருக்குக் கொண்டுசேர்க்க இது ஒரு வழியாகவும் இருந்தது. இவற்றில் கதை விளக்கமும் மேலே அச்சாகியிருப்பதால் செவிலி வரிசையைவிடத் திருத்தமாகப் புரியும். ஆனால் எனக்கு அந்த அளவு திகைப்பைத் தருவதில்லை. ஹருனோபுவின் 1760களின் படங்களில் பாட்டு மேலே மேகப் பட்டைக்குள் இருக்கும், கீழே அந்தக் காலத்து இளம் பெண்ணோ காதலரோ இருப்பார்கள். அங்கே தொடங்குவதும் நல்லது.

நீங்களே தனியாகச் செய்து பார்க்க 5ஆம் பாட்டைத் தருகிறேன், சருமாரு தாயு பாடியது:

ஆழ்ந்த மலையில்
செவ்விலைகள் மிதித்து நடந்து
அழைக்கும் மானின்
குரல் கேட்கும் வேளையில்தான்
இலையுதிர்காலம் துயரம்

மூலத்தில் இரண்டாம் அடிக்கு எழுவாய் இல்லை. இலைகளை மிதிப்பது மானா, குரல் கேட்கும் மனிதரா என்று ஜப்பானிய உரைகாரர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். தமிழிலும் அப்படியே விட முடிகிறது பாருங்கள். ஹொகுசாய் படத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் பாதையில் போகிறார்கள், மேலே குன்றின் மீது மான்கள் நிற்கின்றன. பாட்டை மறைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அந்தப் பெண்களில் யார் குரலைக் கேட்டுவிட்டார், யார் இன்னும் கேட்கவில்லை என்று பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள்.